நார்வே குளிருக்கு வாங்கிய சாமான்கள்: சில பனிக்காலங்களுக்குப் பிறகு எது தாங்கியது, எது பல்லிளித்தது

துருவ வட்டத்துக்கு மேலே பயணம் என்றதும் பலரும் முதலில் செய்வது, கடையில் இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட்டைத் தேடிப் பிடிப்பது. வட நார்வேயின் கரையோர ஊரான ட்ரோம்சோ போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது தப்பான முதல் செலவு. அந்த ஊர் 69-வது அட்சரேகைக்கு மேலே இருந்தும், அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் கரையை ஒட்டிப் போவதால் ஜனவரிச் சராசரி மைனஸ் 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். காலையில் பனி பெய்யும், மதியம் அது மழையாகும், ராத்திரி தெரு முழுக்கக் கண்ணாடியாக உறையும். அதே நாளில் உள்நாட்டில் காராஷோக், கௌதுகேய்னோ பக்கம் மைனஸ் 30 வரை இறங்கினாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நார்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 51.4 டிகிரி, 1886 ஜனவரி 1 அன்று காராஷோக்கில் பதிவானதுதான். இரண்டு இடத்துக்கும் ஒரே பெட்டி பொருந்தாது.

கரையோரத்தில் ஆளை நடுக்குவது குளிரைவிட ஈரம். உள்ளிருந்து வியர்வையாக வரும், வெளியிலிருந்து கொழகொழப் பனியாக வரும். ஊர் திரும்பிய பின் சென்னை அலமாரிக்குள் சாமானை அழிப்பதும் ஈரம்தான். அந்தக் கண்ணோடுதான் இங்கே ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறோம்.

உடம்பை ஒட்டிய துணியில் கஞ்சத்தனம் வேண்டாம். மெரினோ கம்பளி, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை, மேலும் கீழுமாக இரண்டு செட் இருந்தால் ஒரு வாரத்துக்குத் தாராளம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டும் தோலில் ஈரமாகப் படாது. நார்வேக்காரர்கள் 'ஊல் ஆர் குல்' என்பார்கள், கம்பளியே தங்கம் என்று. நம்மவர்கள் பொதுவாகச் செய்யும் தப்பு, வழக்கமான பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டு அதன்மேல் இந்த விலையுயர்ந்த தெர்மலை மாட்டுவது. பனியன் வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே முதுகில் ஒட்டிக்கொள்ளும். மேட்டில் பத்து நிமிடம் ஏறிவிட்டு பஸ் நிறுத்தத்தில் நின்றால் போதும், முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும். பருத்தி ஊரிலேயே இருக்கட்டும், உள்ளாடை உட்பட.

150 கிராம் மெல்லிய ரகம் கைக்கு இதமாக இருக்கிறது, ஆனால் உழைக்கவில்லை. முதுகுப்பையின் வார் உரசும் தோள்பட்டையிலும் அக்குளிலும் இரண்டாவது பருவத்திலேயே ஊசித்துளைகள் வந்துவிடும். கொஞ்சம் நைலான் கலந்த 200 கிராம் துணி அதைவிட அதிக நாள் தாங்குகிறது. துவைக்க 30 டிகிரி தண்ணீர், கம்பளிக்கென்று உள்ள திரவ சோப்பு, காயப்போடத் தரையில் விரித்த துண்டு. கறை நீக்கும் என்சைம் கலந்த சாதாரண சோப்புத்தூள் கம்பளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், கம்பளியும் புரதம்தானே. பயணத்தில் தினமும் துவைக்கத் தேவையில்லை. ராத்திரி ஜன்னலோரம் தொங்கவிட்டால் வாடை போய்விடும். பாலியெஸ்டர் தெர்மலில் இந்தச் சலுகை கிடையாது, இரண்டாம் நாளே நாறும். ஆனால் சீக்கிரம் காயும், மாற்றுத் துணியாக ஒன்று இருந்தால் குற்றமில்லை.

இதில் நார்வேக்கே உரிய ஒரு சரக்கு, மீன்வலை போலப் பெரிய கண்களோடு பின்னிய பனியன். 1933-இல் ஹென்ரிக் ப்ருன் என்ற நார்வே ராணுவ அதிகாரி மீன்வலையை வைத்துச் செய்து பார்த்ததில் ஆரம்பித்தது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கண்களுக்குள் காற்று தங்கும், வியர்வை ஆவியாக மேலே போய்விடும். நடை அதிகமுள்ள பயணத்துக்கு அருமை. சும்மா பஸ்ஸில் உட்கார்ந்து வருவோருக்குச் சாதாரண மெரினோவே போதும்.

நடு அடுக்குக்கு ஃபிளீஸ் (மெத்தென்ற பாலியெஸ்டர் துணிச் சட்டை) ஒன்று, முன்பக்கம் முழு ஜிப்போடு. கடை, பஸ், வீடு எல்லாவற்றிலும் உள்ளே 20 டிகிரிக்கு மேல் இருக்கும். தலைவழியாகக் கழற்றும் ஸ்வெட்டரோடு ஒரு நாளைக்குப் பத்து முறை மல்லுக்கட்ட முடியாது.

வெளி ஜாக்கெட்டில்தான் ஊரைப் பார்க்க வேண்டும். இறகு நிரப்பிய ஜாக்கெட் காராஷோக்கின் உலர்ந்த குளிரில் ராஜா. ட்ரோம்சோவின் மழைப்பனியில் இறகு நனைந்து உருண்டை கட்டி, கையில் தொட்டால் வெறும் துணி இரண்டு மட்டும் தட்டுப்படும். கரையோரத்துக்குச் செயற்கை இழை நிரப்பிய ஜாக்கெட், அதன்மேல் தண்ணீர் புகாத தளர்வான மேல்சட்டை என்று பிரித்து வைப்பது நல்லது. மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்தால் இரண்டுக்கும்.

தண்ணீர் புகாத சட்டையைப் பற்றிய பெரிய புகார், ஒரு வருடத்தில் ஒழுக ஆரம்பிக்கிறது என்பது. பெரும்பாலும் ஒழுகுவதில்லை. வெளித்துணியின் மேல் நீர் ஒட்டாப் பூச்சு ஒன்று உண்டு. அழுக்கும் உடம்பு எண்ணெயும் ஏறினால் அது வேலை செய்யாது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடாமல் துணியில் ஊறி நிற்கும், உள்ளே இருக்கும் வியர்வை ஆவியும் வெளியேற வழியில்லாமல் உள்பக்கம் நனையும். மென்சோப்பில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் ஓட்டினால் பூச்சு மறுபடி உயிர் பெறும். அப்படியும் முத்து உருளவில்லை என்றால் கடையில் கிடைக்கும் நீர் ஒட்டாத் திரவத்தை அடிக்க வேண்டியதுதான். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் கூடவே கூடாது.

நாய் இழுக்கும் வண்டிச் சவாரி, துருவ ஒளி பார்க்கும் பயணம் போன்றவற்றுக்குப் பதிவு செய்தால், நடத்துபவர்கள் பலர் தடித்த முழு உடுப்பும் பூட்ஸும் இரவல் தருகிறார்கள். முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கும் என்றால் ஜாக்கெட்டுக்கு ஒதுக்கிய பணத்தை உள்துணிக்கும் காலுக்கும் திருப்பிவிடலாம்.

கால்தான் எல்லாவற்றையும்விட அதிகம் படுத்துவது. பூட்ஸ் வழக்கமான அளவைவிட அரை முதல் ஒரு எண் பெரிதாக இருக்கட்டும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று போட்ட பிறகும் உள்ளே விரல்களை ஆட்ட முடிய வேண்டும். குளிருகிறதே என்று இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். மெட்டி போடுகிறவர்கள் அந்த நாட்களுக்கு அதைக் கழற்றி வைப்பது நல்லது. தடித்த சாக்ஸுக்குள் அது விரலை இறுக்கும். அடியில் பி.வி.சி. சோல் இருக்கும் மலிவு பூட்ஸ் குளிரில் இறுகி, பிளாஸ்டிக் தட்டில் நிற்கிற மாதிரி வழுக்கும். மென்மையான ரப்பர் சோலாகப் பார்த்து வாங்குங்கள்.

எந்த சோலும் மழை நனைத்த ஐஸில் நிற்காது. அதற்கு பூட்ஸுக்கு வெளியே மாட்டும் ஆணிப்பட்டை வேண்டும். அங்கே 'ப்ரொடர்' என்று கேட்டால் விளையாட்டுச் சாமான் கடையில் மட்டுமல்ல, மருந்துக்கடையிலும் எடுத்துத் தருவார்கள். முன்பாதத்தில் மட்டும் ஆணி உள்ள ரகம் காசுக்குக் கேடு. வழுக்குவது பெரும்பாலும் குதிகால் தரையில் படும் நொடியில்தான், ஆணி அங்கேயும் இருக்க வேண்டும். நடைபாதையில் சரளைக்கல் தூவியிருப்பதால் சாதாரண எஃகு முனை சீக்கிரம் மழுங்கிவிடுகிறது, கார்பைடு முனை நிற்கிறது. கடைக்குள் நுழையும் முன் கழற்றிவிடுங்கள். வழவழத் தரையில் அந்த ஆணியே ஆளைக் கவிழ்க்கும். விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.

நனைந்த பூட்ஸை அடுப்புப் பக்கம் வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நார்வேக் குளியலறைகளில் தரைக்கடியில் சூடேற்றும் வசதி பரவலாக உண்டு. சாக்ஸ், கையுறை, பூட்ஸின் உள்ளுறை எல்லாம் ராத்திரி அங்கே பரப்பினால் காலையில் மொறுமொறுப்பாக இருக்கும்.

கைக்கு, கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரலும் ஒன்றாகச் சேரும் கையுறை. உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்று, போனைத் தொடுவதற்காக. இரும்புத்தூள் வைத்த சூட்டுப் பொட்டலங்கள் காற்றுப் பட்டால்தான் சூடாகும். பிரித்து 15 நிமிடம் வெளியில் வைத்துவிட்டுக் கையுறைக்குள் போடுங்கள். இறுக்கமான பூட்ஸுக்குள் போட்டால் காற்றில்லாமல் அணைந்துபோகும், பலரும் போலி சரக்கு என்று திட்டுவது இதனால்தான்.

அதிகச் செலவில்லாத ஒன்று, மடக்கக்கூடிய சிறிய ஃபோம் பாய். உட்காருவதற்கு என்று விற்கிறார்கள். துருவ ஒளிக்காகப் பனியில் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கும்போது அதன்மேல் ஏறி நில்லுங்கள். குளிர் காலடி வழியாகத்தான் ஏறும்.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ட்ரோம்சோவில் சூரியன் தலைகாட்டாது. மதியம் இரண்டு மணிக்கே இருட்டு. ஒளியைத் திருப்பும் வில்லை ஒன்றை ஜாக்கெட்டில் தொங்கவிடுங்கள். காரின் தாழ்ந்த விளக்கில் கருப்பு உடைக்காரர் 25, 30 மீட்டரில்தான் தெரிவார், வில்லை இருந்தால் 140 மீட்டர் வரை. முழங்கால் உயரத்தில் தொங்கினால் நல்லது, வெளிச்சம் அங்கேதான் விழுகிறது. மார்ச், ஏப்ரலில் போனால் நிலைமை தலைகீழ், பனியில் பட்டுத் திரும்பும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

போன் பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே சட்டென்று அணையும். உடம்பை ஒட்டிய உள்பையில் வைத்துச் சூடேற்றினால் திரும்பி வரும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள், பேட்டரிக்கு நிரந்தரக் கேடு. கேமராவை உள்ளே கொண்டுபோகும் முன் ஜிப் பைக்குள் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வைத்தால் லென்ஸுக்குள் ஈரம் படியாது. நம்மூர் மூன்று முள் பிளக் அங்கே ஏறாது, இரண்டு முள் ஏறும்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் ஒரு சொட்டு வராது. அகல வாய் டப்பா எடுங்கள். நெய், பால்கோவா, பனீர், இறைச்சி எதையும் இந்தியாவிலிருந்து எடுத்துப்போக அனுமதி இல்லை. பருப்புப்பொடியை எண்ணெயோடு சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். சூட்கேஸ் வாங்குகிறவர்கள் நான்கு சின்னச் சக்கர ரகத்தைத் தவிர்த்துவிடுங்கள். பனியும் சரளையும் கலந்த நடைபாதையில் அது கலப்பை மாதிரி உழும். பெரிய சக்கரம் இரண்டு உள்ளது உருளும்.

இனி அலமாரி. ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் துவைத்து, எலும்பு வரை காயவைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். வியர்வைக் கறை இருந்தால் பூச்சி நேராகக் கம்பளிக்கு வரும். இறகு ஜாக்கெட்டைக் காற்று உறிஞ்சும் பையில் மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் உப்பல் திரும்பாது, ஹேங்கரில் தொங்கட்டும். மழைச்சட்டையின் உள்பூச்சு பிசுபிசுத்து உரிய ஆரம்பித்தால் அதற்கு வைத்தியம் கிடையாது.

அதிகம் ஏமாற்றுவது பூட்ஸ்தான். நடுசோல் (அடி சோலுக்கும் பாதத்துக்கும் நடுவில் உள்ள மெத்தை அடுக்கு) பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையில் செய்தது என்றால், நம்மூர்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் சும்மா இருக்கும்போதே அது சிதையும். வெளியே புதுசு போலப் பளபளக்கும், ஐந்தாறு வருடம் கழித்துப் போட்டு நடந்தால் சோல் பிளந்து கழன்று விழும். ஆகவே புறப்பட ஒரு மாதம் முன்னாலேயே வெளியே எடுத்து, நடுசோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் எழும்பி வந்தால் சரி, போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தும் பாருங்கள். வெடிப்புக் கண்டாலோ, விரலில் மாவு மாதிரி ஒட்டினாலோ அந்த ஜோடியைப் பெட்டியில் ஏற்ற வேண்டாம். செருப்புக்கடைக்காரர் ஒட்டித் தருகிறேன் என்பார், ஒட்ட அங்கே எதுவும் மிச்சமிருக்காது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ட்ரோம்சோ கடைகளிலும் தள்ளுபடி போடுவார்கள், அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.