கண்டி வாவிக்கரையில் வெசாக் கூடுகள்: மலையகத்தில் எங்கே நின்று பார்க்கலாம்?

கண்டி வாவியின் தென்கரையில், மல்வத்தை விகாரைக்கு முன்னால், சங்கராஜ மாவத்தையின் ஓரமாக நின்று பார்ப்பதுதான் மலையகத்தில் வெசாக் விளக்குகளைக் காண மிகச் சிறந்த வழி என்பது என் முடிவு. எதிர்க்கரையில் புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகையும் அதன் எண்கோண மண்டபமும் ஒளியில் நிற்க, இடையில் கிடக்கும் நீர் அவ்வளவு வெளிச்சத்தையும் வாங்கி மெல்ல அசைத்துக் காட்டும். 2025ஆம் ஆண்டு வெசாக் பௌர்ணமி மே 12ஆம் திகதி வந்தது. அன்றும் மறுநாளும் அரச விடுமுறையாக இருந்தமையால், ஹட்டனிலிருந்து அம்மாவையும் தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கண்டிக்கும், பின்னர் நுவரெலியாவுக்கும் சென்றேன். பதுளைக்கு அதற்கு முன்னரே ஒரு வெசாக்கில் போயிருக்கிறேன்.

மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் ஆகிய மூன்றையும் நினைவுகூரும் நாள் வெசாக். இலங்கையில் 1885ஆம் ஆண்டிலிருந்து அது பொது விடுமுறை நாளாக உள்ளது. மூங்கில் கீற்றுகளையோ தென்னை ஈர்க்குகளையோ கட்டிச் சட்டம் அமைத்து, மெல்லிய டிசூ தாளை மாப்பசையால் ஒட்டி, உள்ளே விளக்கு வைப்பதே வெசாக் கூடு. எட்டுப்பட்டை கொண்ட பழைய வடிவத்தைச் சிங்களத்தில் அட்டபட்டம என்பார்கள். அதன் கீழே தாள் வால்கள் தொங்கும். காற்று வீசினால் அவை ஒன்றாகச் சரசரக்கும். தோரணம் என்பது வேறு: பல மாடி உயரச் சட்டத்தில், புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைப் பலகைச் சித்திரங்களாக வைத்து, ஆயிரக்கணக்கான மின்குமிழ்களை அணைத்து அணைத்து எரிய விடுவது. இரண்டையும் ஒரே கூட்டமே பார்க்கப் போகிறது என்றாலும், பார்க்கும் முறை வேறு. தோரணத்தைத் தூரத்தில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கூட்டைக் கிட்டப் போய், ஒட்டின கையை நினைத்துப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது கூடுதான் என்பதையும், இந்த மதிப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாவியைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடை உள்ளது. வயல்நிலமாக இருந்த இடத்தைக் கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாவியாக்கினான். கண்ணுசாமி என்ற இயற்பெயரைக் கொண்ட அந்த நாயக்க அரசனைப் பற்றி அம்மா பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே நடந்தார். கரையை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் வெள்ளை மதிலைச் சிங்களத்தில் வலாகுளு பெம்ம, அதாவது முகில் மதில், என்று அழைக்கிறார்கள். அதில் முக்கோண வடிவில் வரிசையாக மாடங்கள் விடப்பட்டுள்ளன. விழாக் காலங்களில் அவற்றில் எண்ணெய் விளக்கேற்றுவது பழைய வழக்கம். கார்த்திகைத் தீபத்தன்று, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாசலிலும் ஜன்னல் திண்டிலும் அகல் வைத்து வளர்ந்த எங்களுக்கு அந்த மாடங்களைக் கண்டதும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சின்னவள் ஒவ்வொரு மாடத்தையும் விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

நேரத்தைப் பொறுத்தே இந்த நடையின் இன்பம் அமையும். மே மாதத்தில் ஆறரை மணியளவில் இருட்டத் தொடங்குகிறது. தலதா மாளிகையின் மாலைப் பூசையும் ஆறரைக்கே என்பதால், அதற்குச் சற்று முன்னர் மாளிகை முன்றலில் இருந்தால், மேளமும் சங்கும் கேட்கும்போது விளக்குகளும் ஒவ்வொன்றாக உயிர்பெறுவதைக் காணலாம். உள்ளே போக விரும்புவோர் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை அணிய வேண்டும். காலணிகளை வெளியே விட வேண்டும். அன்றைய தினம் வெள்ளை உடை உடுத்துவது மரியாதை. அங்கிருந்து கிழக்காகக் கரையைச் சுற்றி நடந்தால், மல்வத்தைப் பக்கம் வந்து சேரும்போது நன்றாக இருட்டியிருக்கும். அதுவே அந்த எதிர்க்கரைக் காட்சிக்கு உரிய நேரம். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்து, இருட்டுவதற்கு முன்னரே தென்கரைக்குப் போய்ச் சேர்ந்தமையால் முதல் நாளின் பாதி இன்பத்தை இழந்தோம். மறுநாள் மாலை திரும்பவும் நடந்து அதைச் சரிசெய்துகொண்டோம்.

கூடுகளின் தரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாவிக்கரையில் கண்டவற்றில் ஏறத்தாழப் பாதி, கடையில் மடித்து விற்கும் வாளி வடிவச் சிறு கூடுகளும் எல்.ஈ.டி. சரங்களும்தான். அவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. நின்று பார்க்கவும் எதுவும் இல்லை. ஆனால் இடையிடையே, ஒரு பாடசாலையோ இளைஞர் கழகமோ பல இரவுகள் விழித்திருந்து செய்ததென்று பார்த்தவுடன் தெரியும் பெரிய கூடுகள் தொங்கின. ஒன்றில் நடுக்கூட்டைச் சுற்றி எட்டுக் குட்டிக் கூடுகள். எல்லாமே வெள்ளைத் தாள். ஒரு நிறம்கூடக் கலக்கவில்லை. உள்ளே ஒரேயொரு மஞ்சள் விளக்கு. மூங்கில் எலும்புகளின் நிழல் தாளில் விழுந்து, கூடு மூச்சு விடுவதுபோல் தெரிந்தது. அதன் முன்னே கால்மணி நேரம் நின்றோம். நிறம் மாறி மாறிச் சிமிட்டும் எந்தச் சரமும் எங்களை அவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கவில்லை.

மழை இந்த விழாவின் பெரிய எதிரி. மே மாதத்து மாலை இடிமழை முன்னறிவிப்பின்றி வரும். டிசூ தாள் பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். முன்னர் பொலித்தீன் உறை போட்டுக் காப்பாற்றினார்கள். விழா அலங்காரங்களுக்குப் பொலித்தீன் பயன்படுத்துவது 2017ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. அது நல்ல தடை. எங்கள் இரண்டாம் நாளில் மழை பெய்தபோது, கூட்டை இறக்கி உள்ளே கொண்டு ஓடிய இளைஞர்கள், மழை விட்டதும் மீண்டும் ஏற்றி, கிழிந்த வாலைத் தெருவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகையால் குடை கொண்டு போங்கள். மழை வந்தால் உடனே வீடு திரும்ப வேண்டாம், அரைமணி நேரம் காத்திருங்கள்.

மேலிருந்து பார்க்கலாம் என்று பலர் பரிந்துரைப்பதை நம்பி ராஜபிகில்ல மாவத்தைக் காட்சிமுனைக்கும் ஏறினோம். நகரம் முழுவதும் தெரிகிறது என்பது உண்மை. வாவி ஒரு விளக்குத் தட்டுப்போல் கிடக்கிறது. ஆனால் கூடுகள் அங்கிருந்து வெறும் புள்ளிகள்தாம். படம் எடுப்பவர்களுக்கு அது போதும், பார்ப்பவர்களுக்குப் போதாது. வாகனம் நிறுத்தவும் அங்கே இடமில்லை. நாங்கள் தங்கிய சிறு விடுதி, தொலைபேசியில் சொன்ன வாடகையை நேரில் சென்றதும் இரண்டு மடங்காக உயர்த்தியது. விழா நாளில் வேறிடம் தேட முடியாது என்பதை அறிந்தே அப்படிச் செய்தார்கள் என்ற கசப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. வாடகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தன்சலைச் சொல்லாமல் வெசாக்கைச் சொல்ல முடியாது. தானமாக உணவும் பானமும் வழங்கும் அந்தப் பந்தல்களில் எவரும் யாரென்று கேட்பதில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், கடலை, வில்வம்பூப் பானம், ஐஸ்கிரீம், சில இடங்களில் சோறும் கறியும் கிடைக்கும். ஐஸ்கிரீம் வரிசை மிக நீளமாக இருந்தமையால் பிள்ளைகள் அழப்போகும் நிலைக்கு வந்தபோது, வரிசையில் முன்னால் நின்ற ஒரு சிங்களப் பெரியம்மா, "வாங்க மகள், பிள்ளைகளை முன்னுக்கு விடுங்க" என்று தமிழிலேயே கூப்பிட்டு இடம் விட்டார். இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் மூடியிருக்கும். மரக்கறிச் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் தாங்காது. எனவே தன்சலில் பசியாறுவதே நல்லது.

நுவரெலியாவில் அந்த ஆண்டு அரச வெசாக் விழா நடைபெற்றது. கிரகரி வாவிக்கரையில் கண்டியைவிட விசாலமான இடம் உள்ளது, பிள்ளைகளை ஓடவிடலாம். ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரம் என்பதால் குளிர் எலும்பைத் தொடும். ஆனால் பனிமூட்டம் இறங்கும்போது ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம் பூத்து நிற்கும் அழகு கண்டியில் கிடைக்காதது. கைவேலைக் கூடுகள் அங்கே குறைவாகவும் மின்விளக்கு அலங்காரங்கள் மிகுதியாகவும் இருந்தன. ஆகவே கண்டிக்கு அடுத்த இடமே தருவேன். ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் சின்னப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள்.

பதுளையில் நகருக்குள்ளேயே முத்தியங்கனை ரஜமகா விகாரை இருப்பதால் அலைச்சல் இல்லை. எண்ணெய் விளக்குகளே அங்கு முதன்மை. அமைதியாக ஒரு மாலை இருந்து வர ஏற்ற இடம். காட்சிக்காக மட்டும் நெடுந்தூரம் பயணம் செய்பவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பயணத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெசாக்கிற்கு முந்தைய நாள், 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில், கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். நுவரெலியாவுக்கு அந்த வழியாக ஏறியபோது பஸ்ஸில் எவரும் பேசவில்லை. மலை வீதிகளில் இரவுப் பயணத்தைத் தவிர்த்து, ஒரு நகரில் தங்கி, பகலில் அடுத்த நகருக்குச் செல்லுங்கள். ஹட்டன் பக்கத்திலிருந்து கண்டிக்கு வருபவர்கள் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பிற்பகல் மூன்று மணிக்குள் வந்து சேர்ந்தால் நெரிசலுக்கு முன்னர் நகருக்குள் நுழைந்துவிடலாம்.

எந்த நாள் போவது என்று கேட்டால், இரண்டாம் நாளையே சொல்வேன். முதல் நாள் வாவிக்கரையில் தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும். மூன்றாம் நாளில் நல்ல கூடுகள் சில இறக்கப்பட்டுவிடும். எங்கள் இரண்டாம் நாள் இரவில், மழைக்குப் பின்னர் கூட்டம் கலைந்திருந்தது. ஒன்பது மணியளவில் அந்த வெள்ளைக் கூட்டை மறுபடி பார்க்கப் போனோம். ஒரு பக்கத்துத் தாள் நனைந்து தொய்ந்திருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மதிலோரமாக அமர்ந்தார். பத்தரைக்கு நான் கூப்பிடும் வரை எழவில்லை.