சமஸ்கிருதம் ஆன்லைன்ல கத்துக்க: பேச்சு வகுப்பா, வாசிப்பு குரூப்பா?

வேலை, குடும்பம்னு ஆனப்புறம் சமஸ்கிருதம் படிக்கலாம்னு கிளம்புறவங்களுக்கு ஆன்லைன்ல முக்கியமா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பேச்சு வகுப்பு. 1981ல பெங்களூருல ஆரம்பிச்ச சம்ஸ்கிருத பாரதி பரப்பின முறை, 10 நாள், தினம் 2 மணி நேரம், "மம நாம..." ('என் பேரு...')னு முதல் நாளே வாயத் திறக்க வெச்சுடுவாங்க. இன்னொண்ணு வாசிப்பு குரூப், நாலஞ்சு பேரு வாராவாரம் ஜூம்ல உக்காந்து ஹிதோபதேசமோ கீதையோ வரி வரியா பிரிச்சுப் படிக்கிறது. ரெண்டுலயும் இருந்துட்டு இப்ப வாசிப்பு பக்கமே நின்னுட்டேன், அதனால கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், தெரிஞ்சே படிங்க.

பேச்சு வகுப்புல கூச்சம் போயிடும், உச்சரிப்பு வரும். தமிழ் எழுத்து மட்டும் தெரிஞ்சவங்களுக்கு இது பெரிய விஷயம், ஸ்தோத்திர புக்ல 'க' பக்கத்துல 2, 3, 4னு நம்பர் போட்டிருப்பாங்களே, அதெல்லாம் காதால கேட்டாத்தான் பிடிபடும். செலவுன்னு பாத்தா ரெண்டுலயும் பெருசா ஒண்ணும் ஆகாது.

விஷயம் எங்க இருக்குன்னா, வகுப்பு முடிஞ்சப்புறம் கையில என்ன நிக்குதுங்கறதுலதான். பேச்சு முறையில வேணும்னே எளிமையாக்கி வெச்சிருக்காங்க. 'த்வம்'க்கு ('நீ') பதிலா 'பவான், பவதீ'ன்னு (ஆணுக்கும் பெண்ணுக்கும் 'தாங்கள்') சொல்லிட்டா வினைச்சொல் படர்க்கையிலயே ஓடிடும். இறந்த காலத்துக்கு 'கதவான், கதவதீ' ('போனான், போனாள்') மாதிரி வடிவமே போதும். இருமை (ரெண்டைக் குறிக்கிற தனி வடிவம்) பக்கம் அதிகம் போறதில்ல, சந்தியையும் சேர்க்காம பிரிச்சே பேசலாம். புத்திசாலித்தனமான ஏற்பாடு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதோட நேரா போய் கீதையைத் திறங்க, முதல் சுலோகத்துக்கு முன்னாடியே "த்ருதராஷ்ட்ர உவாச"ன்னு நிக்குது. 'த்ருதராஷ்ட்ர:'வோட கடைசி விசர்க்கம் (அந்த ':' ஒலி) சந்தியில காணாமப் போயிருக்கு, 'உவாச' ('சொன்னார்') லிட் லகாரம், அதாவது இன்னொரு வகை இறந்த காலம். அப்புறம் 'யுயுத்ஸவ:', 'சண்டை போட ஆசைப்படுறவங்க'ங்கறது மொத்தமும் ஒரே சொல்லுல. 'பாண்டவாஶ்சைவ'வைப் பிரிச்சா மூணு சொல்லு. கடைசில 'அகுர்வத' ('செஞ்சாங்க'), அதே அர்த்தத்துக்கு 'க்ருதவந்த:' மட்டும் தெரிஞ்சவருக்கு இது புதுசு.

வாசிப்பு குரூப்ல இதெல்லாம் முதல் வாரமே மேல விழும், கஷ்டம்தான், ஆனா விழுந்தது தங்கிடுது. பேச்சுக்கு தினம் எதிர்ல ஒரு ஆள் வேணும். சமஸ்கிருதம் பேசுற ஊருன்னு பேர் வாங்கின, ஷிமோகா பக்கம் இருக்கிற மத்தூர்ல வீடு இருந்தா கவலையில்ல, நமக்கெல்லாம் வகுப்பு முடிஞ்ச கொஞ்ச நாள்ல வாட்ஸ்அப் குரூப்ல 'சுப்ரபாதம்'னு குட் மார்னிங் படம் மட்டும்தான் வரும். படிக்கிறதுக்கு ஆளே வேண்டாம். நடுவுல ஆபீஸ் பிஸியில விட்டுப் போனாலும் விட்ட சுலோகம் அங்கேயேதான் இருக்கும், மோனியர் வில்லியம்ஸோட 1899 சமஸ்கிருத-ஆங்கில அகராதி கொலோன் பல்கலைக்கழக தளத்துல சும்மாவே கிடைக்குது, சந்தி பிரிக்க ஜெரார் ஹ்யூயேயோட ஹெரிடேஜ் தளம் இருக்கு (பத்து விதமா பிரிச்சுக் காட்டும், எது சரின்னு நாமதான் முழிக்கணும்), தனியாவே தொடர்ந்துட்டு அடுத்த வாரம் குரூப்ல போய் சந்தேகம் கேக்கலாம்.

குறையும் இருக்கு. சில வாரம் ரெண்டு சுலோகம்கூட தாண்டாது, வியாகரணம் தெரிஞ்ச ஒருத்தர் சிக்கிட்டா ஒரே விகுதியில ஒரு மணி நேரம் போயிடும். பேச்சும் சரளமா வராது, எனக்கும் வரல. நேர்ல நடக்கிற பேச்சு முகாமுக்கு நான் போனதில்ல, ஜூம்ல பாத்ததை வெச்சுதான் சொல்றேன், நாள் பூரா கூடவே இருந்து பேசினா வேற மாதிரி இருக்கலாம்.

வீட்ல குழந்தைங்களும் சேர்ந்து கத்துக்கிறாங்கன்னா பேச்சு வகுப்புக்கே போங்க, பேச ஆள் வீட்லயே இருக்கு. மத்தவங்க குரூப்ல சேர்றதுக்கு முன்னாடி தேவநாகரியை எழுத்துக்கூட்டாம படிக்கப் பழகிக்கங்க, 'ராம' சப்தத்தை ('ராம'ங்கற சொல்லோட வடிவங்களை) எட்டு வேற்றுமையிலயும் வாய்ப்பாடமா வெச்சுக்கங்க. அந்த ரெண்டும் இல்லாம உக்காந்தா முதல் மாசம் பூரா மியூட்லயேதான் இருப்பீங்க.