வெட்டுத்துணி மூட்டை, 5 கிலோ: பொம்மைப் போர்வை தைக்க ஆகுமா?

எங்கள் தெரு அங்கன்வாடிக்கு யாரோ ஒரு புண்ணியவான் 24 துணிப் பொம்மைகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். "பூராவும் தூங்க வெக்கற விளையாட்டுத்தானுங்க அக்கா. போத்தி விடத்தான் ஒண்ணுமில்ல" என்றார் டீச்சர். வீட்டில் தையல் மெஷின் சும்மா கிடக்கிறது, நானும் ரிட்டயர்டு. சரி என்று ஒப்புக்கொண்டேன்.

ஈரோட்டுப் பக்கம் வெட்டுத்துணியைக் கிலோ கணக்கில் விற்கும் ஒரு கடையில் வாட்ஸ்அப்பில் சொல்லி, 5 கிலோ மூட்டை வரவழைத்தேன். கிலோ 140 ரூபாய், பார்சல் செலவு தனி. படத்தில் எல்லாமே காட்டன் சட்டைத்துணி மாதிரி இருந்தது. கடைப் பெயர் வேண்டாம், காரணம் படித்தால் புரியும்.

மூட்டையைக் கூடத்தில் கொட்டிப் பிரிக்க ஒரு முழு மத்தியானம் ஆனது. சமையலறைத் தராசில் நிறுத்தேன். பனியன் துணி மட்டும் 1 கிலோ 900. அது பின்னல் துணி, இழுத்தால் நீளும். சதுரமாக வெட்டித் தைத்தால் தையல் அலை அலையாக நெளிகிறது. பாலியெஸ்டர் 1 கிலோ 100. கையில் தொட்டால் சில துண்டுகள் காட்டன் போலவே ஏமாற்றும், அதனால் சந்தேகப்பட்டதில் ஒரு நூலை உருவி வாசலில் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகிறது. பாலியெஸ்டர் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு கெட்டி மணி நிற்கிறது. நல்ல காட்டன் என்று தேறியது 1 கிலோ 800தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 1 கிலோ 800 அருமையான துணி. கட்டம் போட்ட சட்டைத்துணி, சின்னப் பூப் போட்ட பாப்ளின், எல்லாம் புதுசு. கத்தரி வைத்தால் மொறுமொறுவென்று போகிறது.

என் கணக்கு: மூன்றரை இஞ்சுச் சதுரங்கள், கால் இஞ்சுத் தையல், நாலுக்கு அஞ்சாக 20 சதுரம். போர்வை 12க்கு 15 இஞ்சு வரும். உள்ளே பழைய வேட்டி இரண்டு மடிப்பு, அடியில் நைந்து போகாத நூல் சேலை. மூன்றையும் பை போலச் சுற்றித் தைத்து, மூன்று இஞ்சு விட்ட வாய் வழியாகப் புரட்டி, வாயைக் கையால் மூடிவிட்டேன். பட்டன், ஜிகினா எதுவும் வைக்கவில்லை. அந்த வயதுக் குழந்தைகளுக்கு எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

முதல் போர்வையிலேயே அடி வாங்கினேன். துவைத்துக் காயப்போட்டால், மெரூன் துண்டுக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ரோஸ். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எங்கம்மா சொல்வார். ஊறவைத்தேன், அப்புறமும் தண்ணீர் சிவந்துகொண்டேதான் இருந்தது. இப்போதெல்லாம் அடர் நிறத் துண்டு எதுவானாலும் நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்த பிறகுதான் வெட்டுகிறேன்.

சதுரத்துக்கு எட்டாத கோணல் துண்டுகளுக்கும் வழி கிடைத்தது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளி இனப் பெண்கள் 'கவந்தி' என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, கையில் கிடைத்த துண்டை மடித்து வைத்து நூலோட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்து ஒரு 'பூ'. அதைப் பார்த்து இரண்டு தைத்தேன். அவர்கள் கைநேர்த்தி எனக்கு வராது, ஆனால் குழந்தைகள் முதலில் எடுத்தது அந்த இரண்டைத்தான்.

கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "மூட்டைன்னா கலந்துதாம்மா வரும், நேர்ல வந்தா பொறுக்கிக்கலாம்" என்றார். அதைப் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கலாமே! போன மாதம் நேரில் போனேன். பொறுக்கினால் கிலோ 200, ஆனால் ஒரு துண்டுகூட வீணில்லை. உட்கார முக்காலி போட்டு, மோரும் கொடுத்தார். அதனால் நேரில் போக முடிந்தால் போங்கள், மூட்டை மட்டும் வேண்டாம். 5 கிலோ வாங்கியது என் பேராசை. வெட்டில் போகிற கழிவெல்லாம் சேர்த்தும் ஒரு கிலோ நல்ல காட்டனில் 25 போர்வை தாராளமாக வரும்.

மிச்சப் பனியன் துணியைப் பொடியாக நறுக்கி, பொம்மைகளுக்குத் தலையணை அடைத்தேன். டீச்சர் ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "அக்கா, இதுல தலை வெச்சா பொம்மைக்குக் கழுத்து சுளுக்கிக்குமுங்க."