வேர்டின் முப்புள்ளி வசதி: கடிதத்துக்குச் சரி, ஆய்வேட்டுக்குத் தொல்லை

ஆங்கிலத்தில் மூன்று புள்ளியை அடுத்தடுத்துத் தட்டினால் மைக்ரோசாஃப்ட் வேர்ட் அவற்றை எடுத்துவிட்டு ஒரே குறியை வைக்கிறது. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே அது யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளுக்கான பொது எண் பட்டியலில், 2026 என்ற எண் கொண்ட தனி எழுத்து. கூகுள் டாக்ஸும் இதையே செய்யும். அலுவலக மடலுக்கும் கதை உரையாடலுக்கும் நல்ல வசதிதான்: வரி முடிகிற இடத்தில் ஒரு புள்ளி மேலேயும் இரண்டு கீழேயுமாகப் பிரியாது.

மேற்கோளில்தான் வம்பு. நடுவில் சில சொற்களை விட்டு எடுத்தாளும்போது சிகாகோ, எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) என்ற ஆய்வெழுத்து நடைமுறைகள் புள்ளிகளுக்கு இடையே இடைவெளி கேட்கின்றன. வேர்டின் குறியில் அது கிடையாது. விடுபட்ட பகுதி ஒரு வாக்கியம் முடிந்தபின் வருகிறதென்றால் நான்கு புள்ளி வேண்டும். முதலாவது முற்றுப்புள்ளி, சொல்லோடு ஒட்டி நிற்கும். பிறகு இடைவெளி விட்டு மூன்று. நான்கையும் மடமடவென்று தட்டினால் வேர்ட் முதல் மூன்றைக் குறியாக்கி, மிஞ்சிய ஒன்றை வாலில் ஒட்டுகிறது. முற்றுப்புள்ளி இடம் மாறியதோடு, பல எழுத்துருக்களில் அந்த நான்காம் புள்ளி மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே துருத்தும்.

சரியாக அடிக்கும் வழி: புள்ளி, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஸ்பேஸ், புள்ளி, மறுபடி அதே, புள்ளி. இந்த மூன்றில் முதல் புள்ளிக்கு முன்பும் அதே விசைகள். இது வரி முறியாத இடைவெளி. வெறும் ஸ்பேஸ் போட்டால் புள்ளிகள் இரு வரிகளில் சிதறும். இடைவெளி இருப்பதால் வேர்டும் தலையிடாது. ஏற்கெனவே குறியாகிவிட்ட ஆவணமென்றால் ரீப்ளேஸ் பெட்டியில் தேட வேண்டியது அந்தக் குறியை. மூன்று புள்ளி கொடுத்துத் தேடினால் ஒன்றும் சிக்காது. குறியை ஆவணத்திலிருந்தே நகலெடுத்து ஒட்டுவது சுலபம்.

ஓரிடத்தில் மட்டும் மாற்றம் வேண்டாமென்றால் மாறிய உடனே கன்ட்ரோல்+இசட் போதும். அடியோடு நிறுத்த ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், பட்டியலின் மேற்பகுதியில் இருக்கும் மூன்று புள்ளி வரியை டெலீட் செய்யலாம். அதன்பிறகும் குறி தேவைப்பட்டால் விண்டோஸ் வேர்டில் ஆல்ட்+கன்ட்ரோல்+புள்ளி, மேக்கில் ஆப்ஷன்+அரைப்புள்ளி.

நிரல் எழுதுகிறவர்கள் யோசிக்காமல் நிறுத்திவிடலாம். ஜாவாஸ்கிரிப்டில் மூன்று புள்ளிக்குத் தனிப் பொருள் உண்டு. வேர்டில் அடித்து ஒட்டினால் அந்த ஒற்றைக் குறியால் நிரல் பிழை காட்டி நிற்கும். மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவர்களுக்கும் இது செலவு. சாதாரண ஆங்கிலச் செய்தியில் 160 எழுத்து கொள்ளும். இந்தக் குறி ஒன்றே ஒன்று நுழைந்தாலும் செய்தி முழுவதும் யூனிகோடுக்கு மாறி 70 ஆகச் சுருங்கும். பழைய மென்பொருளில் கோப்பைத் திறக்கும்போது புள்ளிகளுக்குப் பதில் தொப்பி போட்ட ஏ, யூரோ குறி, முறிந்த செங்குத்துக் கோடு என்று மூன்றும் வரிசையாக வந்தால், கோப்பு யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று அந்த மென்பொருள் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

வேண்டாத இடத்தில் முப்புள்ளி போடுவதை வேர்டின் இந்த வசதி தடுக்காது. நம்மவர் ஆங்கில மடல்களில் வரிக்கு வரி ஆறேழு புள்ளி ஓடுவதைப் பார்க்கலாம், "ஓகே..." என்று முடிந்தால் படிப்பவர் தயக்கம் என்றோ கோபம் என்றோ எடுத்துக்கொள்வார். மேற்கோளின் தொடக்கத்திலும் முடிவிலும் பெரும்பாலும் முப்புள்ளி தேவையே இல்லை. மூல ஆசிரியரே புள்ளிகள் போட்டிருந்தால், எம்.எல்.ஏ. முறையில் நாம் சேர்த்தவற்றைச் சதுர அடைப்புக்குள் இட்டுப் பிரித்துக் காட்ட வேண்டும். அதையும் கையால்தான் செய்ய வேண்டியிருக்கிறது.