பாஸ்வேர்ட் மேனேஜருக்கு மாறி நான்கு வருடம்: எது நிலைத்தது, எதை விட்டேன்

கரண்ட் பில், ரயில் டிக்கெட், மெயில், வங்கி என எல்லாவற்றுக்கும் வெகுநாள் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தேன். 2021-இல், எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைத்து நிரப்பித் தரும் பிட்வார்டன் என்ற ஆப்புக்கு மாறினேன். ஓப்பன் சோர்ஸ், இலவசக் கணக்கே போன், லேப்டாப் இரண்டுக்கும் போதும். முதல் இரண்டு வாரம் எரிச்சல்தான், ஒவ்வொரு தளமாகப் போய் மாற்ற வேண்டும். அப்புறம் நினைவில் வைக்க வேண்டியது அந்த ஆப்பைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்ட் ஒன்றுதான். விரலை வைத்தால் மற்றதை அதுவே நிரப்பிவிடும்.

இதன் பெரிய பயன் பிறகுதான் புரிந்தது. இன்றிரவு மின் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது. பதற்றத்தில் லிங்கைத் திறந்தேன். பார்க்க அசல் மாதிரியே இருந்த பக்கத்தில் பாஸ்வேர்ட் நிரம்பவில்லை. முகவரியை உற்றுப் பார்த்தேன், ஓர் எழுத்து கூடுதல். சேமித்த முகவரியில் மட்டும்தான் ஆப் பாஸ்வேர்டை நிரப்பும். என் கண் தவறவிட்டதை அது விடவில்லை.

லாகின் செய்யும்போது கேட்கும் கோடை போனிலேயே உருவாக்கித் தரும் ஓடிபி ஆப் விஷயத்தில் நன்றாக அடிபட்டேன். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் போன் விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. பேக்கப் எடுத்து வைக்கவில்லை. மூன்று நாள் என் மெயிலை என்னாலேயே திறக்க முடியவில்லை. இப்போது, அந்த ஆப் இல்லாமலும் கணக்கைத் திறக்க உதவும் ரெகவரி கோடுகளைத் தாளில் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். இடம் அம்மாவுக்கும் தெரியும்.

இணையப் போக்குவரத்தை மறைத்து வேறு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன்னை எந்நேரமும் ஓட விடுவதைக் கைவிட்டேன். அது ஓடும்போது பேமென்ட் தாமதமானது. தள்ளுவண்டியில் தக்காளியை வாங்கிக்கொண்டு, பேமென்ட் சுற்றிக்கொண்டே இருக்க, பின்னால் ஆட்கள் காத்து நிற்பார்கள். வெளியிடத்து வைஃபையில் மட்டும் போட்டுக்கொள்கிறேன். சிம் கார்டைப் பூட்டும் சிம் பின் இன்னும் இருக்கிறது. போனை அணைத்துப் போடும்போதுதான் கேட்கும், தொந்தரவே இல்லை.

தி.நகர் கடைகளில் பில் போடும்போது போன் நம்பர் கேட்டால், "வேண்டாங்க, பில் மட்டும் போதும்" என்கிறேன். நம்பர் தந்தே ஆக வேண்டும் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என 2023-இலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது.

ஜெராக்ஸ் கடைக்கும் லாட்ஜுக்கும் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார்தான் தருகிறேன். என் ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டியும் வைத்திருக்கிறேன். அம்மாவுடையதைப் பூட்டவில்லை. பூட்டினால் ரேஷன் கடையில் கைரேகை ஏற்காது. பாமாயிலுக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்றுவிட்டு அவர் வெறுங்கையோடு திரும்புவதை என்னால் ஏற்க முடியாது.