வண்ணதாசனா, ராஜேஷ்குமாரா?

இந்த மாதம் வாசித்தவை இரண்டு: வண்ணதாசனுக்கு 2016இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கித் தந்த ‘ஒரு சிறு இசை’ சிறுகதைத் தொகுப்பு, அப்புறம் வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சமான ராஜேஷ்குமார் கிரைம் நாவல். திருச்செந்தூர் பாசஞ்சருக்கு இரண்டாவதுதான் சரி; செய்துங்கநல்லூர் ஸ்டேஷனில் கதைக்குள் பிணம் விழுந்தால் நாசரேத் வருவதற்குள் கொலையாளி யாரென்று பாதி ஊகித்துவிடலாம், பக்கத்து சீட்டு அண்ணாச்சியும் எட்டிப் பார்த்து, “முடிச்சிட்டுக் குடுங்க தம்பி” என்பார். வண்ணதாசனை அப்படி ஓட்ட முடியாது. நம்ம திருநெல்வேலிக்காரர், கதையில் பெரிதாக எதுவும் நடக்காது, மனிதர்கள் சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள், ஆனாலும் ஒன்று முடிந்ததும் உடனே அடுத்த கதைக்குப் போக மனசு வராது. மறுவாசிப்புக்கு அவர்தான். கொலையாளி தெரிந்தபின் ராஜேஷ்குமாரை யார் திரும்பப் படிப்பார்கள்? (நான் படிப்பேன், அது வேறு விஷயம்.) இரவல் கேட்டால் கிரைம் நாவலைத் தருகிறேன், மற்றதை வீட்டுக்கு வந்து படிங்க.