24 கிரயான், அதுல ஒண்ணு கூட 'தோல் கலர்' இல்ல: கிரயோலா கலர்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், நான் புதுசா ஒரு கிரயான் வாங்கி பாப்போம்னு இத வாங்கல, எங்க கிளாஸ்ல ஒரு பஞ்சாயத்து, அதுக்காக வாங்குனேன். மதுரைல வீட்டு மொட்டமாடில சனி ஞாயிறு டிராயிங் கிளாஸ் எடுக்குறேன், பதினாலு பசங்க, ஒம்பது வயசுல இருந்து பதிமூணு வரைக்கும் இருப்பாங்க. போன லீவுல "நான்"னு ஒரு புராஜெக்ட் குடுத்தேன், அவங்கவங்க முகத்த அவங்களே வரையணும், சுத்தி அவங்களுக்கு எதெல்லாம் முக்கியமோ அத வரையணும், அவ்ளோதான். பென்சில் வேலை முடிஞ்சு கலர் அடிக்க ஆரம்பிச்சதும் "டேய் தோல் கலர குடுறா", "மிஸ் இவன் தோல் கலர வச்சுக்கிட்டு தர மாட்றான் மிஸ்"னு ஒரே சண்டை. தோல் கலர்னா எதுன்னு உங்களுக்கே தெரியும், அந்த வெளிறிப்போன பீச். எல்லாரும் அத மாத்தி மாத்தி வாங்கி அடிச்சாங்க, கிளிப் போட்டு கொடில மாட்டிட்டு தள்ளி நின்னு பாத்தா பதினாலு வெள்ளக்காரப் புள்ளைங்க தொங்குது. அந்த கலர்ல எங்க மாடில ஒரு ஆளு கெடையாது, என்னையும் சேத்துதான்.

இந்தக் கூத்து நம்ம ஊர்ல மட்டும்னு நெனச்சுடாதீங்க. அமெரிக்க கிரயான் கம்பெனி கிரயோலாவே அந்த பீச்சுக்கு ஃபிளெஷ், அதாவது சதைன்னுதான் ரொம்ப நாளா பேரு வச்சிருந்தாங்க, அமெரிக்கால கருப்பின மக்களோட போராட்டம் நடந்துகிட்டு இருந்த நேரத்துல, 1962ல தான் பீச்னு மாத்துனாங்க. அப்புறம் இண்டியன் ரெட்னு ஒண்ணு இருந்துச்சு, அது நம்ம நாட்டுப் பக்கம் கெடைச்ச ஒரு செம்மண் நிறமிய வச்சு வந்த பேரு, ஆனா அங்க உள்ள பசங்க அமெரிக்கப் பழங்குடி ஆளுங்களோட தோல் கலர்னு நெனச்சுக்குறாங்கன்னு டீச்சருங்க சொல்லவும் 1999ல அதையும் செஸ்ட்நட்னு ஆக்கிட்டாங்க. பேரு மாறுச்சு, ஆனா முகத்துக்கு அடிக்க கலர் வேணும்ல? 1992லயே மல்டிகல்ச்சரல்னு ஒரு சின்ன பாக்ஸ் விட்டாங்க, ஆனா இவ்ளோ ஷேடோட வந்தது 2020லதான், இந்த 24 கிரயான் பாக்ஸ். மேக் காஸ்மெடிக்ஸ்னு ஒரு மேக்கப் கம்பெனில கெமிஸ்டா இருந்த விக்டர் கசாலேவ கூட வச்சுக்கிட்டு, ஃபவுண்டேஷன் க்ரீமுக்கு ஷேட் பிரிக்கிற மாதிரி பிரிச்சு செஞ்சிருக்காங்க. (அதே 2020லதான் நம்ம ஊர்ல ஃபேர் அண்ட் லவ்லி பேர்ல இருந்து ஃபேர எடுத்துட்டு க்ளோ போட்டாங்க. டியூப்ப பாத்து எங்க சித்தி கேட்ட ஒரே கேள்வி "அதே க்ரீம்தானே?")

சரி பாக்ஸுக்கு வருவோம். ஆல்மண்ட், கோல்டன், ரோஸ்னு மூணு குடும்பம், ஒவ்வொண்ணுலயும் ரொம்ப லைட்ல இருந்து ரொம்ப டார்க் வரைக்கும் படிப்படியா போகுது. பேர படிக்காமலே கிரயான கைல வச்சு பாத்துக்கலாம். வேக்ஸ் நல்லா மென்மையா இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சா கலக்குது. ஆனா இதுக்காக மட்டும்னா நான் ரிவ்யூ எழுதிருக்க மாட்டேன், அடிச்சு முடிச்ச படத்த விட அடிக்கிறதுக்கு முன்னாடி நடந்ததுதான் எனக்குப் பெருசு.

பிரேசில்ல பொறந்த ஆஞ்செலிகா தாஸ்னு ஒரு போட்டோகிராபர் இருக்காங்க, 2012ல இருந்து ஆளுங்கள போட்டோ எடுத்து மூக்குல இருந்து கொஞ்சூண்டு கலர எடுத்து அதுக்குப் பொருந்துற பேன்டோன் கலர (பேன்டோன்னா ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர் குடுத்து வச்சிருக்குற கலர் கார்டு) பின்னாடி பேக்ரவுண்டா போட்டு, நம்பரையும் எழுதுவாங்க. அந்த ஐடியாவ சுட்டு, ஆளுக்கொரு சின்ன கண்ணாடி குடுத்து மூக்குக்குப் பக்கத்துல கிரயான வச்சு பாருங்கன்னு சொன்னேன். அஞ்சு நிமிஷ வேலைன்னு நெனச்சது ஒன்றரை மணி நேரம் ஓடுச்சு. வெயில்லயே கெடந்து கிரிக்கெட் ஆடுற ஒருத்தன் சட்டைக் கைய மடிச்சு மேல ஒண்ணு கீழ ஒண்ணு முகத்துக்கு ஒண்ணுனு மூணு கிரயான எடுத்து வச்சுக்கிட்டு "மிஸ் இதுல எது மிஸ் நானு"ங்குறான், எனக்கு டக்குனு பதில் வரல, மூணையும் அடிடான்னுட்டேன். இன்னொருத்தி டார்க்ல ஒண்ண எடுத்தவ கீழ வச்சுட்டா, "இது கரெக்டுதான் மிஸ், ஆனா எங்க ஆச்சி பாத்தா ஏன்டி இப்படி கருப்பா அடிச்சிருக்கன்னு கேக்கும்". அதுக்கு பக்கத்துல இருந்த வாலு "அழகர்கோயில் போனா பதினெட்டாம்படி கருப்ப மட்டும் விழுந்து கும்புடுது உங்க ஆச்சி?"னு கேட்டுச்சு பாருங்க, மாடியே அமைதி. நம்ம பக்கம் பாதி வீட்டுல தாத்தா பேரே கருப்பையா கருப்பசாமிதான், ஆனா பொண்ணு பாக்குற பயோடேட்டால மட்டும் எல்லாரும் மாநிறம்.

இந்த பாக்ஸ்ல எனக்கு ஒட்டாத விஷயம் பேருதான். லேபிள்ல இங்கிலீஷ், ஸ்பானிஷ், பிரெஞ்சுனு மூணு பாஷைல போட்டிருக்கு, ஆனா எங்க பசங்க பாதாம பாதாம்பால்ல மெதக்குறப்பதான் பாத்திருக்காங்க, அவங்ககிட்ட போய் டீப் ஆல்மண்ட்னா என்ன வெளங்கும். அதனால வெள்ள ஸ்டிக்கர் வெட்டிக் குடுத்து நீங்களே பேரு வைங்கடான்னு விட்டுட்டேன். ஜிகர்தண்டா, பொரிகடலை, டீக்கடை டீ, வேர்க்கடலைத் தோல், பருத்திப்பால், டிகாஷன், கருப்பட்டி, பழைய புளினு வரிசையா ஒட்டிட்டாங்க, ஒரு பையன் எல்லாத்தையும் விட்டுட்டு 'எங்கம்மா கழுத்து'னு ஒட்டுனான். ஆச்சிக்கு பயந்த புள்ள இருக்குல்ல, டீப்னு இருந்தப்ப கீழ வச்சவ, கருப்பட்டின்னதும் "அது எனக்கு"னு பிடுங்கிட்டா.

எல்லாம் அப்படி சுபமா முடியல. ஒரு பொண்ணு தன்ன விட ரெண்டு மூணு ஷேட் லைட்டா எடுத்து அடிச்சா. ஏம்மான்னு கேட்டதுக்கு ஸ்கூல் ஐடி கார்ட கழட்டி காட்டுறா, ஸ்டுடியோல வெளுத்துக் குடுத்த போட்டோ, அதுக்கு அந்த கிரயான் அச்சு அசலா மேட்ச் ஆகுது. 1940கள்ல அமெரிக்கால கென்னத் கிளார்க், மேமி கிளார்க்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட், புருஷன் பொண்டாட்டி, கருப்பினக் குழந்தைங்ககிட்ட உன் கலர்லயே இந்தப் படத்துக்கு கலர் அடின்னு குடுத்தா சிலர் தன்னோட நிறத்த விட லைட்டா அடிச்சாங்கன்னு எழுதிருக்காங்க. படிச்சது ஞாபகம் வந்துச்சு, ஆனா அதுக்காக அவ கைல இருந்து பிடுங்கி இன்னொண்ண குடுத்தா நானும் அந்த ஸ்டுடியோக்காரர் மாதிரிதானே, அவ முகத்துக்கு நான் கலர் முடிவு பண்றேன். விட்டுட்டேன். படத்த சுத்தி அவ அவங்கப்பா ஆட்டோவ வரைஞ்சிருந்தா, நம்பர் பிளேட்டோட, மஞ்சள் சும்மா தகதகன்னு இருந்துச்சு.

வாங்குறவங்களுக்கு: வெல அதிகம்தான், இந்த ஒரு பாக்ஸ் காசுக்கு சாதா கிரயான் நாலஞ்சு பாக்ஸ் வாங்கலாம். நான் ஆன்லைன்ல ஒரு செல்லர்கிட்ட வாங்குனேன், வெறும் கவர்ல போட்டு அனுப்பி நாலு உடைஞ்சு வந்துச்சு, மாத்திக் கேட்டதுக்கு பதிலே இல்ல, அதனால கடைல கெடைச்சா நேர்லயே பாத்து வாங்குங்க. வீட்டுல ஒரு புள்ளைக்குன்னா இது ஓவர். கிளாஸுக்கு, ஸ்கூலுக்குன்னா ஒரு பாக்ஸ பத்து பதினஞ்சு பேரு பங்கு போட்டுக்கலாம், தாராளமா வரும். 32ன்னும் ஒரு பாக்ஸ் இருக்கு, அதுல கூட இருக்குற எட்டும் முடி கலரு கண்ணு கலருதான், நம்ம பசங்களுக்கு கருப்பும் பிரவுனும் ஏற்கனவே இருக்கு, 24 போதும். ரொம்ப லைட் ஷேடெல்லாம் வெள்ள பேப்பர்ல கண்ணுக்கே தெரியாது, பளபள சார்ட்ல வேக்ஸ் வழுக்கும். நோட்டுக்கு அட்டை போடுற பிரவுன் ஷீட் இருக்குல்ல, அதோட சொரசொர பக்கத்துல அடிச்சு பாருங்க, லைட்டு டார்க்கு ரெண்டுமே எடுப்பா தெரியும். எங்க ரெண்டாவது ரவுண்டு முழுக்க அதுலதான். அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒண்ணு கொறைச்சது லேபிளுக்கு.

பழைய பாக்ஸ்ல கெடந்த அந்த தோல் கலர் என்னாச்சுன்னு கேட்டீங்கன்னா, இப்பவும் அதுக்கு சண்டை நடக்குது, ஆனா பல்லி வரையுறதுக்கு. வயித்துப் பக்கம் அப்படியே பொருந்துதாம். பேரும் மாத்தியாச்சு, "மிஸ் பல்லி கலர் அவன்கிட்ட இருக்கு மிஸ்".